கேள்வி–பதில்: மத்தியதரைக் கடலுக்கு இரண்டு கரை

போன இதழில் சிசிலி, துனிசியா பயணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடிதம் போட்டவர்கள் பலர். கோயிலில் பார்த்து நிறுத்திக் கேட்டவர்கள் அதைவிட அதிகம். எல்லோருக்கும் உதவக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், நானும் என் வீட்டுக்காரரும் இந்த வருடம் ஓய்வு பெறுகிறோம். ஒரு பயண ஏஜென்சியில் 12 நாளில் ஏழு நாடு காட்டுவதாகச் சொல்கிறார்கள். எல்லாம் பஸ்ஸில், சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. பணம் கட்டிவிடலாமா?
– வாசகி, ரோஸ் ஹில்

கட்டாதீர்கள் அம்மா. ஏழு நாட்டின் பெயரையும் வரிசையாகப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் மொரீஷியஸின் பிளேசான்ஸ் நிலையத்தில் விமானம் ஏறினால் பாரிஸில் இறங்கவே 11 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. போக ஒரு நாள், வர ஒரு நாள் போனால் மிச்சம் 10 நாள். பார்சிலோனாவிலிருந்து ரோமுக்குத் தரைவழியே 1,300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நீங்கள் பார்க்கப்போவது ஐரோப்பாவின் நெடுஞ்சாலைகளைத்தான்.

ஏஜென்சியில் சில விஷயங்களை அவசியம் கேளுங்கள். ஓட்டலின் பெயர் போதாது, முகவரியை வாங்கி வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ஊருக்கு வெளியே பெட்ரோல் பங்க் பக்கத்தில் இருந்தால், மாலை ஆறு மணிக்கு மேல் உங்களுக்கு ஊரே கிடையாது. அந்தப் பக்கத்து ஊர்களில் சனங்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து நடப்பதும், திண்ணை மாதிரி சதுக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும் ஆறு மணிக்கு மேல்தான். இதையும் கேளுங்கள்: நிரலில் போட்டிருக்கும் இடங்களுக்கு உள்ளே போகும் டிக்கெட் சேர்த்தியா, வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு ஏறிவிட வேண்டியதுதானா? உள்ளே போகவில்லை என்றால் அந்த ஊருக்குப் போயும் பயனில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்தக் கடலுக்கு வடகரை, தென்கரை என்று இரண்டு கரை இருக்கிறது. நம் தீவிலிருந்து போகிறவர்கள் வடகரையில் ஏழு நாட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஏழு வேண்டாம். கரைக்கு ஒன்றாக இரண்டு போதும். இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவும் துனிசியாவும் எதிரெதிரே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. சிசிலியின் பலேர்மோவிலிருந்து துனிஸுக்கு இரவுக் கப்பல் உண்டு. தினமும் கிடையாது, ஆகவே கப்பல் புறப்படும் தேதியை முதலில் உறுதி செய்துகொண்டு மற்றதை அதற்கேற்பப் போடுங்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கடலின் கதை புரிகிறது. பலேர்மோ அரண்மனைக்குள் ஒரு சிறிய தேவாலயம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ரோஜர் என்ற நார்மன் அரசர் கட்டியது. சுவரெல்லாம் கிரேக்கக் கைவேலை, தங்கப் பின்னணியில் பதித்த சில்லுச் சித்திரங்கள். நிமிர்ந்து பார்த்தால் மரக்கூரை முழுக்க முஸ்லிம் கலைஞர்களின் வேலை. தேன்கூடு தேன்கூடாகச் செதுக்கி வண்ணம் பூசியிருக்கிறார்கள். கழுத்து வலிக்கும், பரவாயில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நில்லுங்கள். அந்த ஊர்ப் பெரிய தேவாலயத்தின் தெற்கு வாசல் தூண் ஒன்றில் குர்ஆன் வாசகம் பொறித்திருக்கிறது. யாரும் அதை அழிக்கவில்லை.

சிசிலியிலேயே உள்ள சிராகூசாவுக்கும் போங்கள். அங்கே தேவாலயத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரைப் பாருங்கள். சுவருக்குள்ளேயே பருத்த கல்தூண்கள் பாதி வெளியே தெரியும். அவை கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அதேனா தேவிக்குக் கட்டிய கோயிலின் தூண்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே கல்லை அடைத்துச் சுவராக்கித் தேவாலயம் ஆக்கியிருக்கிறார்கள். ஒரு தூணின் பள்ளங்களில் கைவைத்துப் பார்த்தேன். எத்தனை கை தொட்டதோ, வழவழவென்றிருக்கிறது. அப்படி நின்று பார்க்க அரை மணி நேரமாவது வேண்டும். வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அந்த அரை மணி கிடைக்காது.

கேள்வி: நம் கடவுச்சீட்டுக்கு விசா தேவையா? ரீயூனியனில் உள்ள மகள் வீட்டில் தங்கிவிட்டு அப்படியே ஐரோப்பா போகலாமா?
– வாசகர், போர்ட் லூயிஸ்

மொரீஷியஸ் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) சுற்றுலா விசா வேண்டாம். 2009-இல் ஏற்பட்ட ஒப்பந்தம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரை இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. ரீயூனியன் பிரான்ஸைச் சேர்ந்ததுதான், ஆனால் ஷெங்கனுக்குள் இல்லை. மகள் வீட்டில் தங்கும் நாள் இந்த 90-இல் சேராது. துனிசியாவுக்கும் துருக்கிக்கும் விதிகள் தனி, அவற்றைத் தூதரகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஷெங்கனைவிட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் கடவுச்சீட்டு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் தடவை போகிறவருக்கு வரிசையில் நேரம் பிடிக்கும். எனவே பாரிஸில் இறங்கி ஒரு மணி நேரத்தில் அடுத்த விமானம் என்று டிக்கெட் போடாதீர்கள். எட்டியாஸ் என்ற முன் அனுமதி முறையும் வருகிறது. டிக்கெட் எடுக்குமுன் ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசுத் தளத்தில் நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். விசா இல்லை என்பதற்காக வெறுங்கையோடு போகக் கூடாது. திரும்பும் டிக்கெட், தங்குமிடச் சீட்டு, காப்பீடு மூன்றையும் காகிதத்தில் அச்சடித்துக் கைப்பையில் வையுங்கள்.

கேள்வி: புரட்டாசி விரதம் இருக்கும்போதே கிரீஸ், துருக்கி போக வேண்டிய நிலை. முட்டைகூடச் சாப்பிடமாட்டோம். ரொட்டியும் பழமும்தான் கதியா?
– குடும்பத் தலைவி, காத்ர் போர்ன்

இல்லவே இல்லை. விரதக்காரர்களுக்கு கிரீஸைப் போல வசதியான நாடு அந்தக் கரையில் வேறு எதுவும் இல்லை. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நாட்காட்டியில் விரத நாள் நிறைய. புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்திய பெரிய நோன்பு, கிறிஸ்துமஸுக்கு முந்தியது, ஆகஸ்டில் மாதாவுக்கு இருப்பது என்று வந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். ஆகவே ஓட்டலில் சைவத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். 'நிஸ்தீசிமா என்ன இருக்கிறது?' என்று கேளுங்கள். விரதச் சாப்பாடு என்று பாட்டிமார்களுக்கு உடனே புரியும். முகமே மலர்ந்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம்: கணவாய், ஆக்டோபஸ், இறால் எல்லாம் அவர்கள் விரதத்தில் சேர்த்தி. கடல் பிராணியும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஹொர்த்தா கேளுங்கள். காட்டுக்கீரையை வேகவைத்து, சூடு ஆறுமுன் ஆலிவ் எண்ணெயை ஊற்றி எலுமிச்சையைப் பிழிந்து தருவார்கள். தினமும் ப்ரேட் கீரை சாப்பிடுகிற நமக்கு அது தொண்டையில் இறங்கும்போதே வீட்டு நினைவு வரும். ஃபாவா என்பது மஞ்சள் பருப்பைக் கெட்டியாக மசித்து மேலே பச்சை வெங்காயம் தூவியது. யீகாந்தெஸ் என்றால் கட்டைவிரல் அளவு வெள்ளை மொச்சை, தக்காளியில் ஊறி அடுப்பில் வெந்தது. தக்காளிக்குள் அரிசி அடைத்துச் சுடும் யெமிஸ்தாவும் நன்றாக இருக்கும், சில இடங்களில் கொத்திறைச்சி கலப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

துருக்கியில் 'லோகந்தா' என்று பலகை போட்ட எளிய சாப்பாட்டுக்கடைக்குப் போங்கள். சமைத்ததை எல்லாம் தட்டுத்தட்டாகக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். மொழி வேண்டாம், விரலைக் காட்டினால் போதும். இறைச்சி இல்லாதது என்பதற்கு 'எத்ஸிஸ்' என்று சொல்லுங்கள். ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறி வகை நிறைய உண்டு. கத்தரிக்காய், பச்சை பீன்ஸ், கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) எல்லாம் வரும். பருப்பு சூப் எங்கும் கிடைக்கும், சில கடைகளில் எலும்புச் சாறு சேர்ப்பதால் அதையும் கேட்டுவிடுங்கள். கடைகளில் விற்கும் 'சீ கோஃப்தே' என்றால் பச்சை இறைச்சி உருண்டை என்று பொருள், பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இப்போது கடைகளில் கிடைப்பது உடைத்த கோதுமையையும் மிளகாய் விழுதையும் கையால் பிசைந்து பிடித்தது. கீரை இலையில் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். நல்ல காரம்.

ஏமாறும் இடம் ஸ்பெயின். அங்கே 'வெஹெத்தால்' என்று போட்ட சாண்ட்விச்சில் பெரும்பாலும் டூனா மீனும் முட்டையும் இருக்கும். அவர்கள் கணக்கில் அது காய்கறி ரொட்டிதான். துனிசியாவிலும் சுட்ட மிளகாய், தக்காளியை அரைத்த மெஷ்வியா சாலட்டின் மேல் டூனாவை வைத்துவிடுவார்கள். 'சான் தோன், சான் எஃப்' (டூனா இல்லாமல், முட்டை இல்லாமல்) என்று பிரெஞ்சிலேயே சொல்லிவிடலாம். காய்கறி கூஸ்கூஸ் என்றாலும் குழம்பு இறைச்சியோடு கொதித்திருக்கும், விரதக்காரர்கள் அதை விட்டுவிடுவது நல்லது.

பலேர்மோவில் இறங்குகிறவர்கள் பல்லாரோ சந்தைக்குப் போய்ப் பனெல்லே சாப்பிடாமல் வரக் கூடாது. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டிக் கெட்டியாக்கி, மெல்லிய தகடாகப் பரப்பி, ஆறியதும் துண்டு போட்டு எண்ணெயில் விடுவார்கள். ஓரம் மொறுமொறுவென்று பொன்னிறமாகும், நடுவில் வெண்ணெய் போல இருக்கும். எள் தூவிய பன்னுக்குள் நாலைந்தை அடுக்கி எலுமிச்சையைப் பிழிந்து கையில் கொடுப்பார்கள். நம் காத்தோ பிமா (மிளகாய் வடை) விற்கும் வண்டிகளில் இருக்கும் அதே கூட்டம், அதே சத்தம், அதே காகிதம். முட்டை கிடையாது, பால் கிடையாது.

ஊறுகாய், பருப்புப்பொடி கொண்டுபோகலாம். பெரிய பெட்டியில் போடுங்கள். நெய், பால்கோவா, பன்னீர், இறைச்சி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை.

கேள்வி: வருட நடுவில் பிள்ளைகளுக்கு ஜூலையில்தான் நீண்ட விடுமுறை. அப்போது போகலாமா?
– தந்தை, வாக்வா

முடிந்தால் வேண்டாம். ஏப்ரல் விடுமுறை குறுகியதுதான், ஆனால் அந்தக் கடலோரத்துக்கு அதுவே பொன்னான காலம். மலையெல்லாம் காட்டுப்பூ, வெயில் இதமாக இருக்கும், நம் கூர்ப்பிப் ஊர்க் குளிருக்குப் போடுகிற ஸ்வெட்டர் போதும். பிள்ளைகள் இல்லாதவர்கள் அக்டோபரில் போகலாம்.

ஜூலை, ஆகஸ்ட் வெயில் விளையாட்டு இல்லை. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகூசா பக்கத்தில் 48.8 டிகிரி பதிவாயிற்று. ஐரோப்பாவில் இதுவரை பதிவானதில் அதுவே உச்சம். 2023 ஜூலையில் ஏதென்ஸ் அக்ரோபோலிஸை நடுப்பகலில் மூடினார்கள். சுற்றுமுற்றும் கடல் இருக்கிறதே, காற்று வரும் என்று நாம் நம் தீவை நினைத்துக்கொண்டு போகிறோம். கிரேக்கத் தீவுகளில் காற்று உண்டு. ரோமிலும் ஸ்பெயினின் செவியாவிலும் கல்லும் சுவரும் சூட்டை இழுத்து வைத்துக்கொண்டு இரவு முழுக்கத் திருப்பித் தரும்.

வேறு வழியில்லை, ஜூலைதான் என்றால் அந்த ஊர்க்காரர்கள் செய்வதையே செய்யுங்கள். காலை ஏழு மணிக்கே கிளம்புங்கள், 11 மணிக்கு நிழலுக்குள் வந்துவிடுங்கள். மதியம் வயிறாரச் சாப்பிட்டு, ஜன்னல் பலகையை மூடிக்கொண்டு பிள்ளைகளைத் தூங்க வையுங்கள். ஆறு மணிக்கு மேல் மறுபடி வெளியே வாருங்கள். ஸ்பெயினில் மதியச் சாப்பாடே இரண்டு மணிக்குத்தான் சூடுபிடிக்கும், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குமேல். நாம் 12 மணிக்கும் ஏழு மணிக்கும் போய் நின்றால் சமையல்கட்டு மூடியிருக்கும், அல்லது சுற்றுலாக்காரர்களுக்கென்று சூடுபண்ணி வைத்திருப்பது கிடைக்கும். மதியம் ஸ்பெயினில் 'மெனு தெல் தியா' என்று கேளுங்கள். முதல் வகை, இரண்டாம் வகை, இனிப்பு, ரொட்டி எல்லாம் சேர்த்து ஒரே விலை. அன்றைய பெரிய சாப்பாட்டை அதிலேயே முடித்துக்கொண்டால் குடும்பச் செலவு பாதியாகும்.

நிழல் விஷயம் ஒன்று உண்டு. நம் தீவில் பெரும்பாலான மாதங்கள் உச்சி வெயில் வடக்கே சாய்ந்து நிற்கும். அங்கே எப்போதும் தெற்கே. கிழக்கு மேற்காகப் போகும் தெருவில் தென்பக்க நடைபாதையில்தான் நிழல். ரயிலிலும் இதைப் பாருங்கள். பலேர்மோவிலிருந்து மெஸ்ஸினாவுக்குக் கிழக்கே போகும் ரயிலில் இடது பக்கம் உட்கார்ந்தால் வழி நெடுகக் கடலும் தெரியும், பகல் வெயிலும் படாது. டிக்கெட் போடும்போதே எந்தத் திசையில் போகிறோம் என்று பார்த்துவிட்டு இருக்கையைத் தேர்ந்தெடுங்கள்.

குடிதண்ணீருக்குக் காலி பாட்டில் போதும். ரோமில் தெருமுனைகளில் இரும்புக் குழாய்த்தூண்கள் இருக்கின்றன, 2,000-க்கும் மேல். இரவு பகலாகக் குளிர்ந்த தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீர், காசில்லை. கீழே வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியே தண்ணீர் பீச்சி எழும், வாய்வைத்துக் குடிக்கலாம். பிள்ளைகளுக்கு அதைவிடக் குஷி வேறில்லை.

கேள்வி: மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படிக்கிறேன். யவனர்கள் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப்போனதைச் சங்கப் பாடலில் படித்தோம். அந்தப் பக்கம் போனால் அதற்கு அடையாளம் ஏதாவது கண்ணால் பார்க்க முடியுமா?
– மாணவி, மஹெபூர்க்

இந்தக் கேள்வி வந்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முடியும் கண்ணு, நிச்சயமாக முடியும்.

ரோமில் பழைய மன்றத்தின் (ஃபோரம்) ஓரமாக, மக்ஸென்ஷியஸ் பேரரசர் கட்டிய பெரிய மண்டபத்தின் இடிபாடு நிற்கிறது. அது நிற்கும் இடத்தில் அதற்கு முன் மிளகுக் கிடங்குகள் இருந்தன, தொமிஷியன் பேரரசர் காலத்தில் கட்டியவை. நகரின் நட்டநடுவில், அரண்மனைக்கும் கோயில்களுக்கும் பக்கத்தில், நம் மலைநாட்டு மிளகுக்கு இடம் கொடுத்திருந்தார்கள் என்றால் அதன் மதிப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று எண்ணிப்பார். கி.பி. 408-இல் விசிகோத் அரசன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது விலகிப்போகக் கேட்ட பொருள்களில் பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 ராத்தல் மிளகும் இருந்தது.

அடுத்து நேப்பிள்ஸ் தொல்பொருள் காட்சியகம். பொம்பெயில் 1938-இல் தோண்டியெடுத்த தந்தச் சிலை ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கழுத்தணியும் இடுப்பணியும் கைநிறைய வளையும் அணிந்த பெண், இரு பக்கமும் தோழியர். கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்துச் சாம்பல் மூடியபோது அது ஒரு வீட்டுக்குள் இருந்தது. லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், இப்போது யட்சி என்று சொல்கிறவர்களும் உண்டு. அடியில் இந்தியாவின் வடமேற்கில் வழங்கிய கரோஷ்டி எழுத்து இருப்பதால் அது தமிழகத்துச் சிலை என்று சொல்ல முடியாது. நம்முடையது அல்லாததை நம்முடையது என்று எழுதிவிடாதே. உண்மையில் நம்முடையதாக இருப்பதே போதுமான அளவு இருக்கிறது. அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ச் சிவப்புப் பாண்டமும், ஒயினும் எண்ணெயும் வந்த கூர் அடி ஜாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. அதே வகை ஜாடியை முழுசாகப் பொம்பெயில் சுவரோரம் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அரிக்கமேடு புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ளது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இந்தத் தீவுக்கு முதலில் வந்த தமிழ்க் கைவினைஞர்களும் புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள்தான். அந்த ஜாடிகளுக்கு முன்னால் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வியன்னா வரை போகிற வாய்ப்பு வந்தால், சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து வந்த கப்பல் சரக்கைப் பற்றிய கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்று அங்குள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது, 2-ஆம் நூற்றாண்டுத் தாள். காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போ.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. அழைத்துப்போகலாமா?
– வாசகர், மோக்கா

தாராளமாக. ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வெனிஸில் 400-க்கும் மேல் பாலங்கள், பெரும்பாலானவற்றில் படி, அது வேண்டாம். கிரீஸின் சாந்தோரீனியும் படிக்கட்டு ஊர். ஸ்பெயினின் கோர்தோபா பள்ளிவாசல்-தேவாலயம் உள்ளே முழுக்கச் சமதளம், நூற்றுக்கணக்கான தூண்களுக்கு நடுவே மெதுவாக நடக்கலாம். ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் நடக்க முடியாதவர்களுக்கு 2020 முதல் சாய்வு லிஃப்ட் இருக்கிறது, முன்பே சொல்லிவையுங்கள். மேலே உள்ள பளிங்குப் பாறை காலங்காலமாகத் தேய்ந்து வழுக்கும், ரப்பர் அடி செருப்பு அவசியம். என் அக்காவோடு போகும்போது ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் என்று வைத்துக்கொள்கிறோம். மற்ற நேரம் இஸ்தான்புல்லில் படகு. எமினோனு துறையில் ஏறினால் கதிக்கோய் துறையில் இறங்கலாம், ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு, உட்கார்ந்தபடியே, கையில் சூடான தேநீரோடு.

பச்சைச் சிலுவை எரியும் இடமெல்லாம் மருந்துக்கடை. ஐரோப்பாவிலும் துருக்கியிலும் அவசரத்துக்கு 112. அம்மாவின் மருந்துகளைக் கடைப்பெயரில் எழுதாமல் மருந்தின் மூலப்பெயரில் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே திருட்டு அதிகம் என்கிறார்களே?
– வாசகி, போ பசான்

பை பறிப்பு, ஜேப்படி உண்டு. பார்சிலோனா மெட்ரோ, ரோம் தெர்மினி நிலையம், ஏதென்ஸ் விமான நிலைய ரயில் இவற்றில் கவனம். கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுகிறவர், மணிக்கட்டில் கயிறு கட்ட வருகிறவர், சட்டையில் கறை என்று துடைக்க வருகிறவர் யாராக இருந்தாலும் நின்று பேசாமல் நடந்துவிடுங்கள். தாலிச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டுப் போக மனம் வராது, எனக்குத் தெரியும். ரவிக்கைக்குள் இருக்கட்டும், மஞ்சள் கயிறு போட்டுக்கொண்டு போனால் இன்னும் நல்லது. கைபேசியை உணவு மேசையின் மேல் வைக்காதீர்கள்.

இன்னொன்று, அது திருட்டு இல்லை, ஆனாலும் பணம் போகும். இத்தாலியில் வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம். ஓட்டல் பில்லில் 'கொபெர்த்தோ' என்று வருவது ரொட்டிக்கும் மேசைக்கும் போடும் கட்டணம், அதற்குச் சண்டை போட வேண்டாம். காப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

கேள்வி: கடலில் குளிக்கலாமா? நம் கடல் மாதிரி இருக்குமா?
– மாணவன், ஃபிளிக் ஆன் ஃபிளாக்

குளிக்கலாம் தம்பி, ஆனால் ஏப்ரலில் தண்ணீர் நடுக்கும், செப்டம்பரில்தான் சுகம். பவளத்திட்டு அரண் கிடையாது, பல கரைகளில் நாலு அடி வைத்தாலே ஆழம். மணலுக்குப் பதில் கூழாங்கல், பாறையில் கடல் முள்ளெலி, ஆகவே ரப்பர் செருப்பு போட்டுக்கொள். பெருங்கடலைவிட உப்பு அதிகம், அதனால் உடம்பு சுலபமாக மிதக்கும். ஏற்ற இறக்கம் பெரும்பாலான இடங்களில் கண்ணுக்கே தெரியாது. கோடைக் கடைசியில் ஜெல்லி மீன் வரும், உள்ளூர்ப் பிள்ளைகள் இறங்காத நாளில் நீயும் இறங்காதே.

கேள்வி: அக்காவும் நானும் மட்டும், ஆண்துணை இல்லாமல் துனிசியா போகலாமா? மொழி, பணம் எல்லாம் எப்படி?
– சகோதரிகள், திரியோலே

போகலாம். உங்கள் கடிதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பிரெஞ்சு பேசத் தெரிந்த நமக்குத் துனிசியாவில் இருக்கும் சௌகரியம் கிரீஸிலோ துருக்கியிலோ இல்லை. கடைக்காரர், டாக்ஸிக்காரர், மருந்துக்கடைப் பெண் எல்லோரும் பிரெஞ்சில் பேசுவார்கள். மொரீஷியஸ் என்றதும் எங்கே இருக்கிறது என்று கேட்டு, தேநீர் கொடுக்காமல் விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். சுடிதாரைப் பார்த்து வழியில் நிறுத்திப் பாராட்டுவார்கள். பள்ளிவாசல் போக ஒரு துப்பட்டா பையில் இருக்கட்டும். இரவில் பழைய நகரத்தின் சந்துகளில் சுற்ற வேண்டாம், கடைகள் அடைத்ததும் ஆளரவம் அடங்கிவிடும்.

துனிஸில் இறங்கினால் முதல் நாள் பார்தோ காட்சியகம். ரோமானியர் தரையில் பதித்த கல்சித்திரங்கள் சுவர்சுவராக நிற்கின்றன. ஒவ்வொரு மீனையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டலாம், அவ்வளவு துல்லியம். மறுநாள் சின்ன ரயிலில் ஏறினால் கார்த்தேஜிலும் சிதி பூ சயீதிலும் இறங்கிப் பார்க்கலாம். மூன்றாம் நாள் எல் ஜெம். கோதுமையும் ஆலிவும் விளையும் சமவெளியில், சிறிய ஊரின் நடுவே, 3-ஆம் நூற்றாண்டு ரோமானிய அரங்கு ஒன்று எழுந்து நிற்கிறது. ரோமில் கொலோசியத்தைச் சுற்றி வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் இங்கே மேல் தட்டு வரை ஏறி, நிலத்தடி அறைகள் வரை இறங்கி, யாரும் தள்ளாமல் பார்க்கலாம். தென்கரையைப் பற்றி நான் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணத்துக்கு யூரோ கொண்டுபோங்கள், நம் ரூபாயை அங்கே மாற்ற முடியாது. தினாரை நாட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது, வெளியே கொண்டுபோகவும் கூடாது. எனவே இறங்கியபின் வங்கியிலோ விமான நிலையத்திலோ கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், ஒவ்வொரு ரசீதையும் கடவுச்சீட்டோடு வையுங்கள். கிளம்பும்போது மிஞ்சிய தினாரை யூரோவாக மாற்ற அந்த ரசீதைக் கேட்பார்கள். அந்த வேலையைப் பாதுகாப்புச் சோதனைக்குள் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.